பழைய லாரி இன்ஜினுக்கு டர்போ: பம்ப் ஸ்க்ரூவில் கை வைக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டர்போ (எக்ஸாஸ்ட் புகையால் ஒரு பக்கத்து டர்பைன் சக்கரம் சுழன்று, மறுபக்கத்து கம்ப்ரெசர் சக்கரம் இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தும் கருவி) இல்லாமல் வந்த பழைய லாரி இன்ஜினுக்கு, பழைய இரும்புக் கடையில் கிடைத்த டர்போவை மாட்டிக் கொடுக்கும் வேலை இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. இழுவை கூடும், மைலேஜ் கூடும், புகை குறையும் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். இழுவை கூடும், புகையும் குறையும், ஆனால் அதற்கு டர்போவைத் தவிர வேறு பத்து வேலைகள் செய்தாக வேண்டும். அவற்றை விட்டுவிட்டு டர்போவை மட்டும் மாட்டி, அதே நாளில் டீசல் அளவைக் கூட்டும் பம்ப் ஸ்க்ரூவையும் திருகிவிட்டால், சில மாதங்களில் பிஸ்டன் உருகிய இன்ஜின்தான் மிஞ்சும். உரிமையாளர்களும் இளைய மெக்கானிக்குகளும் உங்கள் நாளிதழைப் படிக்கிறார்கள் என்பதால் இந்த வேலையின் கணக்கை விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் சட்டம். சாலையில் ஓடும் லாரிக்கு இதைத் தன்னிச்சையாகச் செய்யக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த மூல விவரத்துக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனமும் இதைக் காட்டி இழப்பீட்டை மறுக்கப் பார்க்கும். ஆகவே சாலை லாரி வைத்திருப்பவர்கள், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுப் பதில் வாங்காமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற வேண்டாம். கீழே சொல்வது, லாரியிலிருந்து இறக்கி நிலையாக வைத்து ஓட்டும் இன்ஜின்களுக்கும், அனுமதி பெற்ற வேலைகளுக்கும் உரியது.

எடுத்துக்காட்டுக்கு நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த டாடா 697 இன்ஜினை எடுத்துக்கொள்வோம். ஆறு சிலிண்டர், 5,675 சி.சி., சிலிண்டருக்குள் நேரடி டீசல் தெளிப்பு, சிலிண்டருக்கு ஒரு லைன் வீதம் டீசல் அனுப்பும் இன்லைன் பம்ப். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் முழுக் கொள்ளளவுக் காற்றை இழுக்கும். 2,400 ஆர்.பி.எம்.மில் நிமிடத்துக்கு 1,200 முறை, அதாவது 6,810 லிட்டர். வால்வு, ஃபில்டர் தடைகளால் சிலிண்டர் முழுதாக நிரம்பாது. 85 விழுக்காடு நிரம்புவதாக வைத்தால் சுமார் 5,800 லிட்டர். நம் ஊர் 35 டிகிரி வெயிலில் அந்தக் காற்றின் எடை ஏறத்தாழ 6.6 கிலோ. டர்போ தேர்வு இந்த எண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும். கடையில் எது மலிவாகக் கிடந்தது என்பதிலிருந்து அல்ல.

பூஸ்ட் என்பது டர்போ கூட்டித் தரும் காற்றழுத்தம். அரை பார் பூஸ்ட், அதாவது பட்டறைக் கணக்கில் சதுர அங்குலத்துக்கு ஏழு பவுண்டு, கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். அழுத்தம் ஒன்றரை மடங்கு ஆனதால் காற்றும் ஒன்றரை மடங்கு ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. அழுத்தும்போது காற்று சூடாகிறது. 70 விழுக்காடு திறனுள்ள கம்ப்ரெசரில் 35 டிகிரியில் நுழையும் காற்று 90 டிகிரிக்குப் பக்கத்தில் வெளியேறும். சூடான காற்று விரிந்திருக்கும். ஆகவே உண்மையில் கூடும் எடை 27 விழுக்காடுதான். 6.6 கிலோ 8.4 கிலோவாகும். இடையில் காற்றைக் குளிர்விக்கும் ஒரு இன்டர்கூலர் வைத்து 55 டிகிரிக்கு இறக்கினால், குழாயிலும் கூலரிலும் கொஞ்சம் அழுத்தம் போனாலும், 35 விழுக்காட்டுக்கு மேல் கூடும். பூஸ்ட்டை ஒரு பாருக்கு ஏற்றினால் காற்று 130 டிகிரியில் வெளியே வரும். கூலர் இல்லாமல் அந்த அளவுக்குப் போவது பிஸ்டன் தலையைச் சுடுவதற்குச் சமம். டர்போவுக்காக வடிவமைக்காத பிஸ்டன் உள்ள இன்ஜினுக்கு அரை பார்தான் எல்லை என்பது எங்கள் உறுதியான கருத்து.

டர்போ வாங்கும்போது இரண்டு புள்ளிகளைப் பார்க்க வேண்டும். 2,400 சுற்றில் நிமிடத்துக்கு எட்டரைக் கிலோ. இழுவைச் சுற்றான 1,400-இல் சுமார் ஐந்து கிலோ. அழுத்த விகிதம் ஒன்றரை. தயாரிப்பாளர் வெளியிடும் கம்ப்ரெசர் வரைபடத்தில் இந்த இரண்டு புள்ளிகளும் சர்ஜ் கோட்டுக்கு (அதைத் தாண்டி இடப்பக்கம் போனால் காற்று திணறிப் பின்னோக்கி அடிக்கும்) வலப்பக்கம், நல்ல திறன் காட்டும் வட்டத்துக்குள் விழ வேண்டும். பெரிய இன்ஜினிலிருந்து கழற்றிய டர்போ போட்டால் மேட்டில் 1,400 சுற்றில் அது விழிக்கவே விழிக்காது, கரும்புகைதான் வரும். சிறியதைப் போட்டால் மேல் சுற்றில் சக்கரம் எல்லை மீறிச் சுழலும். எக்ஸாஸ்ட் வழியில் எதிர் அழுத்தம் கூடி வெந்த புகை சிலிண்டரிலேயே தங்கும். இந்த வகை டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்று அளவில் சுழல்வது. அங்கே குத்துமதிப்புக்கு இடமில்லை.

இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. அதே இன்ஜின் குடும்பத்தில் தொழிற்சாலையே டர்போ வைத்து விற்ற வகை இருந்தால், அதன் முழுத் தொகுதியையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். டாடா 697-இலும் டர்போ வகை வந்தது; லேலண்ட் ஹினோ இன்ஜின்களிலும் வந்தது. தொகுதி என்றால் டர்போவும், அது உட்காரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் மட்டுமில்லை. பிஸ்டன், ரிங், ஹெட் கேஸ்கட், டீசல் தெளிக்கும் நாசில், பம்ப், ஆயில் கூலர் எல்லாம் அதில் அடக்கம். பாகப் பட்டியலில் டர்போ வகைக்கும் சாதா வகைக்கும் எந்தெந்தப் பாக எண் மாறுகிறது என்று வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். மாறும் ஒவ்வொரு எண்ணுக்கும் தொழிற்சாலையில் ஒரு காரணம் இருந்திருக்கும். பிஸ்டனின் முதல் ரிங் பள்ளத்தில் வார்த்த இரும்பு வளையம் பதித்திருப்பார்கள். பிஸ்டன் அடியில் ஆயில் பீச்சும் ஜெட் வைத்திருப்பார்கள். சிலிண்டரின் கம்ப்ரெஷன் விகிதத்தைக் கொஞ்சம் குறைத்திருப்பார்கள். ஜெட் இல்லாத பிளாக்கில் பிஸ்டன் தலையின் சூடு ரிங் வழியாகவும் ஆயில் தெறிப்பு வழியாகவும்தான் இறங்க முடியும்; அதற்கு ஓர் எல்லை உண்டு.

இனி டீசல். மொத்தக் கெடுதலும் இங்கேதான் நடக்கிறது என்பதால் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறோம்.

டீசல் இன்ஜினில் சக்தியைத் தருவது டீசல். காற்று அதை முழுதாக எரிக்க உதவுவது. டர்போ காற்றைத்தான் கூட்டுகிறது. 130 குதிரைத்திறன் அளவில் ஓடும் மேற்சொன்ன இன்ஜினுக்கு, முழுப் பாரத்தில் 1,000 ஸ்ட்ரோக்குக்கு ஏறத்தாழ 60 சி.சி. டீசல் போவதாகக் கணக்கு வரும். அப்போது ஒரு கிராம் டீசலுக்குப் பதினெட்டரை கிராம் காற்று. புகை கட்டும் எல்லைக்குப் பக்கத்தில்தான் சாதா இன்ஜின் எப்போதும் நிற்கிறது. பம்பைத் தொடாமல் அரை பார் டர்போ மட்டும் வைத்தால் இந்த விகிதம் இருபத்து மூன்றரைக்கு ஏறும். புகை குறையும், எக்ஸாஸ்ட் சூடு இறங்கும், இன்ஜின் நிம்மதியாக ஓடும். இதுதான் பாதுகாப்பான முதல் நிலை. மலையில் ஓடும் இன்ஜினுக்கு இதுவே பெரிய லாபம். கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழே புகையில்லாமல் ஓடிய சாதா இன்ஜின் அங்கே கறுப்பாகக் கக்குவது அதனால்தான். டர்போ அந்தக் குறையை நிரப்பித் தருகிறது.

பம்பில் 10 விழுக்காடு கூட்டி 66 சி.சி. ஆக்கினால் விகிதம் 21-க்கு வரும். இதுவும் தாங்கும். 15 விழுக்காட்டில் 20-க்கு மேலேயே நிற்கும். எங்கள் கணக்கில் அதுதான் கடைசி எல்லை. 25 விழுக்காடு கூட்டினால் விகிதம் பழைய பதினெட்டரைக்கே திரும்பிவிடுகிறது. பழைய விகிதம்தானே, பழைய சூடுதானே என்று ஏமாறக் கூடாது. அதே சிலிண்டரில், அதே பிஸ்டன் மேல், ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் கால் பங்கு கூடுதல் டீசல் எரிகிறது. உள்ளே வரும் காற்றும் 55 டிகிரி கூடுதல் சூட்டோடு வருகிறது. பிஸ்டன், ஹெட், வால்வு, தண்ணீர் எல்லாம் அந்தக் கூடுதல் சூட்டைச் சுமந்தாக வேண்டும். முதலில் பிஸ்டன் கிண்ணத்தின் விளிம்பு வெடிக்கும். பிறகு ரிங் பள்ளம் கரிந்து ரிங் ஒட்டிக்கொள்ளும். பிறகு லைனர் கீறும். அலுமினியக் கலவை ஏறத்தாழ 570 டிகிரியில் உருகத் தொடங்குவது. அதைச் சுற்றியிருக்கும் வாயு அதைவிடப் பல மடங்கு சூடானது என்பதை நினைவில் வைத்தால் போதும்.

ஆகவே பம்ப் அமைப்பை லாரி மேல் நின்றபடி ஸ்க்ரூ திருகிச் செய்யக் கூடாது. பம்பைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, ஆறு லைனிலும் 1,000 ஸ்ட்ரோக் அளவை எடுத்து, லைனுக்கு லைன் வித்தியாசம் இல்லாமல் சரி செய்து, எண்களைத் தாளில் எழுதி வாங்க வேண்டும். ஒரு லைன் மட்டும் கூடுதலாகக் கொடுத்தால் அந்த ஒரு பிஸ்டன்தான் முதலில் போகும். டர்போ வகைப் பம்பில், சுற்றைக் கட்டுப்படுத்தும் கவர்னர் மேல் ஒரு டயஃப்ரம் பெட்டி இருக்கும். பூஸ்ட் வந்த பிறகுதான் அது முழு டீசலை விடும். சாதா பம்பில் அது கிடையாது. அது இல்லாமல் டீசலைக் கூட்டினால், டர்போ சுழன்று எழுவதற்கு முன்பே கூடுதல் டீசல் இறங்கி ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் கரும்புகை கிளம்பும். டீசலைக் கூட்டுவதாக இருந்தால் அந்தப் பெட்டியுள்ள பம்பே வேண்டும். புகைச் சோதனையில் பழைய டீசல் வண்டிகளுக்கு எல்லை 65 ஹார்ட்ரிட்ஜ் (புகையின் அடர்த்தியை அளக்கும்) அலகு. சரியாக அமைத்த டர்போ இன்ஜினுக்கு அந்த எல்லைக்கு உள்ளே நிற்பதில் சிரமமே இருக்கக் கூடாது.

நாசில்களையும் அப்போதே சோதியுங்கள். திறக்கும் அழுத்தம் தயாரிப்பாளர் சொன்ன எண்ணில் இருக்க வேண்டும். தெளிப்பு பூப்போல விரிய வேண்டும். மூடிய பிறகு நுனியில் ஒரு துளிகூடத் தொங்கக் கூடாது. சொட்டும் நாசில் சாதா இன்ஜினில் புகையோடு போய்விடும். டர்போ இன்ஜினில் பிஸ்டனில் ஓட்டை போடும்.

டைமிங், அதாவது பம்ப் டீசலைத் தள்ளத் தொடங்கும் நேரம் பற்றி ஒரு சொல். பூஸ்ட் கூடும்போது எரிதலின் உச்ச அழுத்தமும் கூடுகிறது. அது ஹெட் கேஸ்கட்டையும் பேரிங்கையும் தாக்கும். அதனால் டைமிங்கை 2 டிகிரி பின்தள்ளுவது வழக்கம். முதல் சிலிண்டர் லைனின் டெலிவரி வால்வையும் ஸ்ப்ரிங்கையும் எடுத்துவிட்டு, ஹோல்டரில் வளைந்த குழாய் மாட்டி, டீசல் அளவை மாற்றும் ரேக்கை முழு டீசல் நிலையில் வைத்து, கிராங்க்கை ஓடும் திசையிலேயே மெல்லச் சுற்ற வேண்டும். ஒழுக்கு நின்று சொட்டாக மாறும் இடமே டைமிங். அதை ஃப்ளைவீல் அடையாளத்தில் பார்க்கலாம். பின்தள்ளினால் நல்லது என்று 5, 6 டிகிரி தள்ளிவிட்டால் டீசல் தாமதமாக எரிந்து எக்ஸாஸ்ட் சூடு ஏறிவிடும். கேஸ்கட்டைக் காப்பாற்றப் போய் டர்பைனைச் சுட்ட கதையாகிவிடும்.

இதையெல்லாம் காதாலும் கண்ணாலும் கண்டுபிடிக்க முடியாது. மூன்று மீட்டர்கள் கட்டாயம்: பூஸ்ட் மீட்டர், ஆயில் பிரஷர் மீட்டர், எக்ஸாஸ்ட் சூட்டுமானி. மூன்றாவதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். அதுதான் இன்ஜினின் உயிரைச் சொல்வது. அதன் உணர்முனையான கே வகைத் தெர்மோகப்பிளை மேனிஃபோல்டில், டர்போவுக்கு முன்னால், எல்லா சிலிண்டர் புகையும் சேரும் இடத்தில் பொருத்த வேண்டும். துளை போடும்போது மேனிஃபோல்டைக் கழற்றிக் கீழே வைத்துப் போடுங்கள். ஒரு இரும்புத் துகள் டர்பைனில் போனால் இறக்கை போய்விடும். தொடர்ந்து இழுக்கும்போது எல்லை 650 டிகிரி. எந்த நேரத்திலும் 700-ஐத் தாண்டக் கூடாது. டர்போவுக்குப் பின்னால் வைத்தால் 100 டிகிரியோ அதற்கும் மேலோ குறைத்துக் காட்டும். அந்த எண்ணை நம்பி ஓட்டினால் மோசம் போவோம். முள் ஏறினால் காலைத் தூக்கி ஒரு கியர் இறக்க வேண்டும். சுற்று கூடும், காற்று கூடும், ஸ்ட்ரோக்குக்கு டீசல் குறையும், சூடு இறங்கும். மேல் கியரிலேயே 1,200 சுற்றில் மூச்சுத் திணறத் திணற இழுப்பதுதான் டர்போ வைத்த இன்ஜினுக்கு மிகக் கெட்ட பழக்கம். ஓட்டுபவருக்கு இதைச் சொல்லிக் கொடுக்காமல் வண்டியை ஒப்படைக்கக் கூடாது.

அடுத்தது ஆயில். டர்போ தண்டு பேரிங்கில் உட்கார்ந்து சுழல்வதில்லை; ஆயில் படலத்தில் மிதந்து சுழல்கிறது. சில நொடி ஆயில் இல்லாவிட்டால் கதை முடிந்தது. ஆயில் ஃபில்டரைத் தாண்டிய மெயின் கேலரியிலிருந்தே லைன் எடுக்க வேண்டும். ராக்கருக்குப் போகும் மெல்லிய லைனிலிருந்து பிரிக்கக் கூடாது. இன்ஜின் சூடான பிறகு ஐட்லிங்கில் டர்போ நுழைவாயிலில் குறைந்தது ஒரு பார் பிரஷர் இருக்க வேண்டும். அது வராத இன்ஜினுக்கு முதலில் பேரிங் வேலை, பிறகுதான் டர்போ.

ஆயில் உள்ளே போவதைக் கவனிக்கும் அளவுக்கு வெளியே வருவதை யாரும் கவனிப்பதில்லை. டர்போவிலிருந்து இறங்கும் ஆயில் நுரையாக, பிரஷரே இல்லாமல், தன் எடையால் மட்டும் விழுகிறது. ஆகவே திரும்பும் குழாயின் உள்விட்டம் 19 மி.மீ.க்குக் குறையக் கூடாது. வளைவு, மேடு, நசுங்கல் எதுவும் இல்லாமல் ஒரே சரிவாக இறங்க வேண்டும். இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் சேரும் இடம் ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். மட்டத்துக்குக் கீழே சேர்த்தால் ஆயில் திரும்ப வழியில்லாமல் தேங்கி, சீல் ரிங்கைத் தாண்டி இரண்டு பக்கமும் கசியும். டர்போ ஆயில் தள்ளுகிறது என்று கழற்றி எறிந்த எத்தனையோ டர்போக்களில் குற்றம் இந்தக் குழாயில்தான் இருந்திருக்கும். ரிங் தேய்ந்து ப்ரீதர் குழாயில் புகை தள்ளும் இன்ஜினிலும் இதே கோளாறு வரும். கிராங்க் கேஸ் அழுத்தம் ஆயிலைத் திரும்ப விடாது. சம்ப்பில் துளை போடுவதாக இருந்தால் சம்ப்பைக் கழற்றித்தான் போட வேண்டும். ஆயில் ஃப்ளேஞ்சுகளில் சிலிகான் பேஸ்ட் பூசவே கூடாது. பிதுங்கிய துண்டு ஆயில் துவாரத்தில் போய் உட்காரும். காகித கேஸ்கட் போதும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டர்போவின் ஆயில் வாயில் சுத்தமான ஆயிலை ஊற்றித் தண்டைக் கையால் சுற்றுங்கள். திரும்பும் குழாயைக் கழற்றி வைத்து, ஸ்டாப் லீவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஆயில் ஒழுகும் வரை ஸ்டார்ட்டரால் மட்டும் சுற்றுங்கள். பிறகே ஸ்டார்ட். ஒவ்வொரு நாளும் ஸ்டார்ட் செய்தவுடன் ரேஸ் கொடுக்காமல் இரண்டு நிமிடம். இழுத்து வந்து நிறுத்தும்போது மூன்று நிமிடம் ஐட்லிங். சூடான டர்போவை உடனே அணைத்தால் உள்ளே தேங்கிய ஆயில் கரியாகிப் பேரிங் துவாரத்தை அடைக்கும். ஆயில் 15டபிள்யூ-40, சி.எச்.4 தரம் அல்லது அதற்கு மேல். பழைய மாற்று இடைவெளியைப் பாதியாக்கிக்கொள்வது நல்லது.

காற்று வழியில் பழைய ஆயில் பாத் ஃபில்டரை வைத்தே ஓட்டாதீர்கள். கூடுதல் காற்று வேகத்தில் அதன் ஆயில் மேலேறி டர்போவுக்குள் போகும். எட்டரைக் கிலோ காற்றைத் தாங்கும் காகித ஃபில்டர் வேண்டும். அதன் தடை 600 மி.மீ. தண்ணீர் மட்டத்தைத் தாண்டினால் மாற்ற வேண்டும். ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் ஒரு கிளிப் தளர்ந்தாலும் கிரஷர் தூசி நேராக இறக்கையில் மோதி அதன் விளிம்பைத் தேய்த்துவிடும்.

எக்ஸாஸ்ட் பக்கம், சாதா மேனிஃபோல்டில் ஃப்ளேஞ்சை வெல்டு வைத்து டர்போவைத் தொங்க விடுவது வேண்டவே வேண்டாம். வார்ப்பிரும்பு வெல்டு சூட்டில் விரியும், டர்போவின் எடையும் சேர்ந்தால் வெடிக்கும். டர்போ வகை மேனிஃபோல்டு, அடியில் ஒரு தாங்கி, பின்னால் நெளிந்து கொடுக்கும் ஒரு பெல்லோஸ், பிறகு 75 மி.மீ. குழாய். டர்பைன் கூட்டிலிருந்து டீசல் குழாய், பிரேக் ஹோஸ், வயர் எல்லாம் ஒரு சாண் தள்ளி இருக்க வேண்டும். முடியாத இடத்தில் தகடு மறைப்பு. தீப்பிடிப்பது பெரும்பாலும் இங்கேதான்.

இன்ஜினே தகுதியானதா என்பதை இதற்கெல்லாம் முன்பே பார்த்திருக்க வேண்டும். சூடான நிலையில் கம்ப்ரெஷன் 24 பாருக்கு மேல் இருக்க வேண்டும். சிலிண்டருக்குச் சிலிண்டர் 3 பாருக்கு மேல் வித்தியாசம் கூடாது. ரேடியேட்டரைக் கழற்றிக் குழாய் குழாயாகச் சுத்தம் செய்ய வேண்டும். தெர்மோஸ்டாட் வால்வைப் பிடுங்கி எறிந்திருந்தால் புதிது வாங்கி வையுங்கள். அது இல்லாவிட்டால் குளிர்ந்த இன்ஜினில் லைனர் தேய்மானம் கூடும், சூட்டுக்கும் அது மருந்தில்லை. கிளட்ச், கியர்பாக்ஸ், கிரவுன் பினியன் மூன்றும் பழைய இழுவைக்கு அளவெடுத்தவை என்பதும் மனதில் இருக்கட்டும். பிரேக்கும் அப்படித்தான். தொப்பூர் கணவாயில் ஏறும்போது டர்போ உதவும். இறங்கும்போது அதே பழைய பிரேக்தான் பாரத்தைப் பிடிக்க வேண்டும். டர்போ வைத்தோம் என்று கூடுதல் பாரம் ஏற்றுபவர்களை நாங்கள் ஒருபோதும் ஆதரிக்க முடியாது.

உயிர் சம்பந்தப்பட்ட ஒன்று. டர்போ சீல் உடைந்து ஆயில் காற்று வழியில் இறங்கினால், இன்ஜின் தன் ஆயிலையே டீசலாகக் குடித்துச் சுற்று ஏறிக்கொண்டே போகும். ஸ்டாப் லீவரை இழுத்தாலும் சாவியைத் திருப்பினாலும் நிற்காது, ஏனென்றால் டீசல் பம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காற்றை அடைத்தால்தான் நிற்கும். கையாலோ துணியாலோ அடைக்கப் போகாதீர்கள்; கையைப் பிய்க்கும், துணியை உறிஞ்சிவிடும். கனமான பலகை அல்லது தகட்டை நுழைவாயில் மேல் அழுத்த வேண்டும். அல்லது கரியமில வாயுத் தீயணைப்பானை உள்ளே பீச்ச வேண்டும். லாரியில் என்றால் மேல் கியரில் போட்டு, பிரேக்கை முழுதாக மிதித்துக் கிளட்சை விட்டு இன்ஜினை அமுக்கலாம். நிலையாக ஓடும் இன்ஜின்களில் காற்றுக் குழாயில் கையால் மூடும் ஒரு தட்டு வால்வு வைத்துவிட்டால் இந்தப் பயமே இல்லை. செலவு மிகக் குறைவு. இன்ஜின் அலறினால் பக்கத்தில் நிற்கக் கூடாது என்பதையும் உதவியாள் பையன்களுக்குச் சொல்லி வையுங்கள்.

டர்போ போய்விட்டால் காரணம் தெரியாமல் அடுத்ததை மாட்டாதீர்கள். பேரிங் நீலம் பாய்ந்திருந்தால் ஆயில் பற்றாக்குறை. கீறல் விழுந்திருந்தால் அழுக்கு ஆயில். கம்ப்ரெசர் இறக்கை மழுங்கியிருந்தால் தூசி. டர்பைன் இறக்கை அடிபட்டிருந்தால் இன்ஜினுக்குள்ளிருந்து உடைந்து வந்த ஏதோ ஒரு துண்டு. இரண்டாவது டர்போவும் அதே காரணத்தால்தான் போகும்.

மைலேஜ் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறோம். அதே பாரம், அதே வேகம் என்றால் கொஞ்சம் கூடலாம். கூடிய இழுவையை ஓட்டுநர் பயன்படுத்தத் தொடங்கினால் அந்தக் கொஞ்சமும் போய்விடும். மைலேஜுக்காக டர்போ வைக்க நினைப்பவர்கள் நாசில், பம்ப், டயர் காற்று, ஃபில்டர் நான்கையும் முதலில் சரி செய்து பார்க்கட்டும்.

தமிழக அரசுக்கு ஒரு கோரிக்கை. ஐ.டி.ஐ. டீசல் மெக்கானிக் மாணவர்களுக்கு எக்ஸாஸ்ட் சூடு அளப்பதையும் பம்ப் பெஞ்ச் அளவு எடுப்பதையும் கையால் செய்ய வைத்துப் பயிற்சி தர வேண்டும். போக்குவரத்துத் துறை, அதே இன்ஜின் குடும்பத்தின் தொழிற்சாலைத் தொகுதியை மாற்றிக்கொள்ள என்ன வழி உண்டு, எது கூடாது என்பதை எளிய தமிழில் ஒவ்வொரு அலுவலகத்திலும் எழுதி ஒட்ட வேண்டும்.

வேலை கொடுக்கும் உரிமையாளர்கள், பட்டறையிலிருந்து ஒரு தாள் கேட்டு வாங்குங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் ஆறு சிலிண்டர் கம்ப்ரெஷன், பம்பின் ஆறு லைன் அளவு, டைமிங் டிகிரி, சூடான ஐட்லிங்கில் ஆயில் பிரஷர், முழுப் பாரத்தில் பூஸ்ட், அப்போது காட்டிய எக்ஸாஸ்ட் சூடு. முதல் 50 மணி நேரம் பாதிப் பாரத்தில் ஓட்டி, மேனிஃபோல்டு போல்ட்டுகளை மறுபடி முறுக்கி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகு அதே அளவுகளை இன்னொரு முறை எடுத்துத் தாளின் மறுபக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
டீசல் இன்ஜின் பட்டறைத் தொழிலாளர்கள்,
நாமக்கல் மாவட்டம்.